சொட்டுத் தண்ணீர் ஒழுகாத குளம்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ரசீதா குடியிருக்கும் தெருவிலும் விடிந்தால் அதுதான். புதிதாக வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். தெருக்காரர்களுக்கோ சத்தம் நின்றால்தான் திடுக்கென்று இருக்கும், கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தெருவில் போய் ரசீதா வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். குளத்து வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கொண்டுவந்து விட்டுவிடும்.

குளம் என்றதும் படித்துறை, அல்லிப்பூ என்று எங்கேயோ போய்விடாதீர்கள். வீட்டின் பின்பக்கத்துத் தோட்டத்தில், ஒரு கார் நிறுத்துகிற அளவுக்குத் தரையைத் தோண்டிச் சிமெண்டில் கட்டியது. இடுப்பளவு ஆழம். உள்ளே நாலு பக்கமும் தரையிலும் நீல டைல்ஸ். நடுவில் ஒரு மீன் பொம்மை, மோட்டாரைப் போட்டால் வாயிலிருந்து தண்ணீரைக் கொப்பளிக்கும். தொட்டி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் கட்டின மனுசனுக்குக் கோபம் வரும். அதனால் குளம்.

கட்டினவர் ரசீதாவின் புருஷன் மன்சூர் அலி. குவைத்தில் டைல்ஸ் வேலை. ஒரு அரபி வீட்டுத் தோட்டத்தில் இப்படி ஒரு குளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, நம் வீட்டிலும் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. லீவுக்கு வருகிற ஆம்பிளைகள் கம்பளியும் பால்பவுடரும் கோடாலித் தைலமும் கொண்டு வருவார்கள். இவர் பெட்டி நிறைய டைல்ஸ் கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்ததும் கூடியிருந்த சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த லீவு முழுக்க மனுசன் தோட்டத்திலேயே கிடந்தார். மற்றவர்கள் மாமியார் வீட்டு விருந்து, குற்றாலம் என்று போனபோது இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாந்து குழைத்தார்.

"அடியில தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை வச்சிருங்களேன் மச்சான், கழுவி விடத் தோதா இருக்கும்" என்று ரசீதா சொல்லிப் பார்த்தாள்.

"ஓட்டைன்னு ஒண்ணு வச்சாத்தானட்டி ஒழுகும்? மன்சூர் அலி வச்ச டைல்ஸ்ல சொட்டுத் தண்ணி ஒழுகுச்சுன்னு ஒருத்தன் சொல்லப்படாது."

ஒழுகவில்லை என்பது வாஸ்தவம். நிறைத்து விட்ட தண்ணீர் அப்படியே நின்றது. லீவு முடிந்து அவர் விமானம் ஏறினார்.

ரசீதா தறிக்காரர் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்கு நூலைத் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமாகி, கையில் மருதாணிச் சிவப்பு போகுமுன்னே புருஷன் சபருக்கு, வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போனார். அதிலிருந்து எல்லாம் அவள்தான். வீடு கட்டும்போது கொத்தனாரோடு சண்டை போட்டது, மகள் அப்ரீன் பானுவைக் காலேஜில் சேர்த்தது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஸ்கூட்டி ஓட்டப் பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்டது எல்லாம். புருஷன் லீவுக்கு வருவார். வந்து இருந்துவிட்டுப் போவார். தெருவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் வாழ்க்கை என்பதால் யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் புலம்பிக்கொள்வதில்லை.

குளத்து விஷயத்துக்கு வருவோம். சங்கரன்கோவிலில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஊரில், ஒரு பொம்மை மீன் வாய் கொப்பளிப்பதற்காக யார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்? இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மோட்டாரை வைத்துத் தண்ணீரைத் தென்னைக்கு இறைத்துவிட்டு, குளத்தைக் காயப்போட்டாள். முதலில் விறகு அடுக்கினாள். அப்புறம் உள்ளி காயவைத்தாள். கடைசியில் மேலே தகரமும் வலையும் கட்டி நாட்டுக்கோழி விட்டாள். பாம்பு நுழையாது, பூனை இறங்காது, டைல்ஸ் என்பதால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பளிச்சென்று ஆகிவிடும். அவ்வளவு வசதியான கோழிக்கூடு தென்காசி ஜில்லாவிலேயே கிடையாது. சேவலுக்கும் முட்டைக்கும் ஆள் வீடு தேடி வந்தது.

மன்சூர் அலியிடம் சொன்னாளா? சொல்லுவாளா! சபராளி வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு முறை உண்டு. அங்கே வெயிலில் கிடந்து சாகிற மனுசனிடம் இங்கத்தக் குறை ஒன்றையும் சொல்லப்படாது. லீவுக்கு வருகிறார் என்று போன் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள், ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றுவார்கள், அடகில் கிடக்கிற சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். அந்த ஆம்பிளைகள் கண்ணால் பார்த்ததெல்லாம் லீவு வீட்டைத்தான். ரசீதாவும் அப்படியே செய்தாள். போன் வந்ததும் கோழிகளைத் தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புவாள், பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளத்தைத் தேய்ப்பாள், டேங்கர் லாரி வரும், தென்காசியிலிருந்து பாலிதீன் பையில் தங்கமீன் வரும். மனுசன் வந்து இறங்கும்போது பொம்மை மீன் ஜம்மென்று தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். லீவு முடிந்து அவர் போனதும் தங்கமீன்கள் தெருப்பிள்ளைகளுக்கு, கோழிகள் குளத்துக்கு. வீடியோ கால் வந்த பிறகுதான் கொஞ்சம் திண்டாட்டம். "குளத்தக் காட்டு" என்பார். "சார்ஜ் இல்ல", "மழை தூறுது", "இருட்டிட்டு" என்று சமாளித்துவிட்டு, போன லீவில் எடுத்த போட்டோவை அனுப்பிவைப்பாள். தெரு முழுக்க இது தெரியும். ஒரு வாய்கூட அவரிடம் திறந்ததில்லை. அவரவர் வீட்டிலும் ஒரு குளம் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் மாசி மாதம் மன்சூர் அலி விசாவைக் கேன்சல் அடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். முட்டிவலி, வயசும் ஆகிவிட்டது, மகளும் கல்யாணம் முடிந்து கடையநல்லூரில் நன்றாக இருக்கிறாள். ரசீதா கோழிகளை அள்ளிப்போட்டு விற்றாள். குளத்தை எப்போதும்போல நிறைத்து வைத்தாள்.

லீவுக் கணக்கில் ஒரு குளத்தை ஏமாற்றி ஓட்டலாம். வருஷக் கணக்கில் முடியுமா? சித்திரை வெயிலில் ஊரிலேயே போர்வெல் தண்ணீர் உள்ளே போய்விட்டது, டேங்கர் லாரியும் வரவில்லை. குளம் பாதியாகி, பச்சையாகி, தங்கமீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. டெங்குக்காக வீடு வீடாகப் பார்க்க வந்த இரண்டு பெண்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யண்ணே, இதுல இருக்க புழு இந்தத் தெருவுக்கே காய்ச்சல் குடுக்கப் போதும்" என்று சொல்லி, உடனே காலி பண்ணச் சொல்லிப் போனார்கள். மன்சூர் அலியே வாளியால் இறைத்துக் கொட்டினார். கொட்டிவிட்டு வெறும் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். தொழுகைக்குப் போவார், டீக்கடைக்குப் போவார், திரும்பி வந்து அங்கேயே உட்காருவார்.

அந்த நேரம் பார்த்துக் கடையநல்லூர் முகம்மது யூசுப் போன் போட்டார். குவைத்தில் ஒரே ரூமில் கூட இருந்தவர், இப்போது ஊரில் இருந்துகொண்டு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறார். "போர்மேன் வேலை இருக்குவே. உளியத் தொட வேண்டாம், நின்னு வேலை வாங்குனாப் போதும். ரெண்டு வருஷ விசா. சும்மா உக்காந்து என்ன செய்யப்போற?" என்று அவர் சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது. மன்சூர் அலி மாட்டேன் என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்றார்.

ரசீதா அடுப்பைத் தணித்துவிட்டு முழுவதையும் கேட்டாள். அவளுக்குப் புருஷன் வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. இத்தனை காலம் போட்டோவோடும் போனோடும் குடும்பம் நடத்தியாயிற்று, இனி மனுசனோடு நடத்த வேண்டும். காலையில் இரண்டு டம்ளர் சாயா போடும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஆனால் இதை வாயைத் திறந்து சொல்லிப் பழக்கம் இல்லையே. வேறு வழி பார்த்தாள். ஒரு ஆம்பிளையை வீட்டில் நிறுத்த வேண்டும் என்றால் அவன் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், காலையில் எழுந்தால் அவன் போய்ப் பார்க்கிற மாதிரி ஒன்று இருக்க வேண்டும்.

"மச்சான், குளத்துல மண்ணக் கொட்டிச் செடி வச்சா என்ன? கத்தரி, மிளகா, நடுவுல ஒரு எலுமிச்ச. நீங்கதான் பாத்துக்கணும், எனக்கு முடியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எலுமிச்சயா?"

"புளியங்குடி ஒட்டுக்கன்னு. வாங்கிட்டு வாங்களேன்."

மறுநாளே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிட்டார். ரசீதா அடுக்களையில் நின்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

மண்ணுக்குத் தங்கப்பழத்தைப் பிடித்தார்கள். திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துக்காரர், சொந்த டிராக்டர், மானாவாரி விவசாயம். ஆடியில் ஒரு லோடு கரிசல் மண்ணோடு வந்து இறங்கினார். அப்போதுதான் அந்த ஓட்டைப் பேச்சு வந்தது. தண்ணீர் வடிய அடியில் நாலு ஓட்டை போட வேண்டாமா என்று மன்சூர் அலியே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

தங்கப்பழம் பதறிவிட்டார். "என்ன பாய் சொல்லுதிய! தண்ணிய யாராவது ஓட்ட போட்டு விடுவாங்களா? மேலேருந்து அவன் குடுக்கதே வருஷத்துல நாலு மழ. அதப் புடிச்சு வைக்கத்தான் கரிசலு. நீங்க ஒரு தடவ ஊத்துங்க, மாசம் பூரா செடி குடிச்சிக்கிட்டே கெடக்கும்."

அவர் சொன்னது அவருக்கு நியாயம். பிறந்ததிலிருந்து தண்ணீர் போய்விடுமே என்று பயந்தே வளர்ந்த மனுசர், தண்ணீர் நின்று ஒரு செடி செத்ததைக் கண்ணால் கண்டதில்லை. மன்சூர் அலிக்கோ தன் கையால் பதித்த டைல்ஸை உடைக்காமல் தப்பித்தது பெரிய நிம்மதி. ரசீதாவாவது யோசித்திருக்கலாம். ஆனால் குடத்து வரிசையில் நின்று தேய்ந்தவளுக்கு ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும் என்பதே பொறுக்கவில்லை. "ஓட்டையெல்லாம் வேண்டாம்" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். ஆக மூன்று பேரும் ஒரே மனதாகக் கூறுகெட்ட ஒரு முடிவை எடுத்தார்கள்.

மண் பாதி விழுந்திருக்கும். தங்கப்பழம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வெள்ளந்தியாகக் கேட்டார்: "யக்கா, கோழியெல்லாம் எங்கன மாத்திட்டிய? போன தைக்கு இதுக்குள்ளதான நெறையக் கெடந்துது. நான்கூட சேவல் புடிச்சிட்டுப் போனேம்லா."

ரசீதா கண்ணைக் காட்டினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மன்சூர் அலி மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார். லோடு முழுவதும் இறங்கி, டிராக்டர் தெரு முடுக்கைத் தாண்டிப் போனது. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கோழியா?"

"ஆமா."

"எப்பத்துலருந்து?"

"நீங்க கட்டிட்டுப் போன வருஷத்துலருந்து. தண்ணிக்கு நான் எங்க மச்சான் போவேன்?"

"அப்பம் எனக்கு அனுப்புன போட்டோ?"

"எல்லாம் லீவுல எடுத்தது."

அவர் கத்தியிருந்தால் ரசீதா சமாளித்திருப்பாள். கத்தவில்லை. "ரூம்ல எல்லாவனுக்கும் காட்டுவேன்" என்றார். "எங்க வீட்டுல குளம் இருக்குன்னு. இந்நேரம் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கும்னு. கோழி மேஞ்சிருக்கு அதுல." கொஞ்சம் நின்றார். "வேற என்னெல்லாம் சொன்ன? உம்மா நல்லா இருக்காகன்னு சொன்னியே, கடைசிக் காலத்துல படுத்த படுக்கையாக் கெடந்தாக. அதுவும் இப்படித்தான?"

அந்த வார்த்தை ரசீதாவைச் சுட்டுவிட்டது. மாமியாரே கையைப் பிடித்துக்கொண்டு, மவனுக்குச் சொல்லிராத, புள்ள வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான் என்று கெஞ்சியதை அவள் எப்படிச் சொல்லுவாள்? சொன்னாலும் இப்போது அது நம்புகிற மாதிரியா இருக்கும்? வாயில் வந்தது வேறு.

"நீங்க மட்டும் என்னவாம்? ஏசி ரூம்பு, தனிக் கட்டிலு, சுகமா இருக்கேன்னு சொன்னிய. பத்துப் பேரு ஒரு ரூம்புல மாறி மாறிப் படுத்தியன்னு யூசுப் அண்ணன் வீட்டுக்காரி சொல்லித்தான எனக்குத் தெரியும்? நான் கேட்டேனா?"

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

வந்த பிறகு பேச்சு இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். எருவைக் கலந்து மண்ணைப் பக்குவம் பண்ணினார், பாத்தி பிடித்தார், கத்தரியும் மிளகாயும் நட்டார், நடுவில் பொம்மை மீனைப் பெயர்த்துவிட்டு அங்கே எலுமிச்சையை வைத்தார். எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிற ஜாதி இல்லை அவர். ஆனால் தண்ணீர் ஊற்றும்போதுகூட வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே கடையநல்லூர் போய், பாஸ்போர்ட்டை யூசுப்பிடம் கொடுத்துவிட்டு வந்தார். வந்து அப்ரீன் பானுவுக்குப் போன் போட்டு, "வாப்பா மறுபடி கெளம்புதேன் மக்கா" என்று சொன்னதைக் கேட்டுத்தான் ரசீதாவுக்கு விஷயம் தெரிந்தது.

பிறகு ரசீதாவுக்குத் தனியாகப் போன் போட்டு மகள் கேட்டாள்: "உம்மா, வாப்பாட்ட பேசுனியளா?"

"என்னத்தப் பேச? போணும்னு நெனச்ச மனுசன."

"வேண்டாம்னு சொல்லுங்களேம்மா."

"நீ சோலியப் பாரு" என்று போனை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் மழை என்றால் மழை, விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை, நின்று பெய்தது. திருவேங்கடத்துக் காட்டில் தங்கப்பழம் உளுந்து விதைத்துவிட்டு ஆனந்தமாக இருந்திருப்பார். இங்கே குளத்துக்குள் கரிசல் ஊறி, உப்பி, களியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அடியில் போக வழியில்லை, மன்சூர் அலி கட்டிய குளமாயிற்றே! பூப்பிடித்திருந்த கத்தரி துவண்டு விழுந்தது. மிளகாய் வெளுத்தது. எலுமிச்சை இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டியது. கிட்டே போனால் அழுகல் நாற்றம்.

ரசீதா தங்கப்பழத்துக்குப் போன் போட்டாள். "நிக்கட்டும் யக்கா, கரிசல் குடிச்சிரும்" என்றார் அவர்.

"எங்கன குடிக்கது? அது மூக்கு முட்டக் குடிச்சிட்டு மல்லாந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் யூசுப்பிடமிருந்து போன். விசா வந்துவிட்டது, வருகிற வாரம் மெடிக்கலுக்குப் போக வேண்டும். மன்சூர் அலி "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினார். தூசி தட்டுகிற சத்தம் கேட்டது.

ரசீதாவுக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ! எதிர்த்த தறிக்கூடத்தில் போய்க் கடப்பாரையை வாங்கினாள். கொட்டுகிற மழையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினாள். முழங்கால் வரைக்கும் புதைந்தது. ஒரு மூலையில் சகதியைக் கையால் அள்ளி அள்ளி வெளியே வீசினாள், அள்ள அள்ள அது சரிந்து மூடியது. கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். அடியில் டணார் என்று பட்டுத் தெறித்தது. அவ்வளவுதான். மறுபடி இறக்கினாள். "போ! எல்லாரும் போங்க! நீயும் போ!" என்று யாரையோ ஏசினாள். குளத்தையா, கோழியையா, குவைத்தையா, அவளுக்கே தெரியாது.

சத்தம் கேட்டு மன்சூர் அலி பின்வாசலுக்கு வந்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"ஓட்ட போடுதேன்."

"கோட்டியா புடிச்சிருக்கு? மழையில…"

"செடி சாவுது மச்சான். பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியளா?" மறுபடி ஓங்கினாள். கடப்பாரை வழுக்கிச் சுவரில் பட்டது.

"அடிக்காத, அடிக்காத! அப்படி அடிச்சா செவுரு பேந்துரும். நகரு!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முட்டிவலிக்காரர், சகதியில் ஒரு காலை எடுக்க இன்னொரு கால் புதைந்தது. பழைய தார் டின் ஒன்றை அடிப்பக்கம் வெட்டி, உளி சுத்தியலோடு எடுத்து வரச் சொன்னார். அதை மூலையில் அமுக்கிச் சகதி சரியாமல் தடுத்து, உள்ளே இருந்ததைக் குவளையால் அள்ளச் சொன்னார். ரசீதா அள்ளினாள். அவர் கையை விட்டுத் தடவித் தரையைக் கண்டுபிடித்து, உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே இடத்தில் தட்டினார். முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. டைல்ஸ் உடைந்து, கீழே கான்கிரீட் பொடிந்து, அதற்கும் கீழே செஞ்சரள் வந்தது. தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே இறங்க ஆரம்பித்தது.

"சரளுத் தரை. குடிக்கும்" என்றார். "மண்ணயும் மாத்தணும். பாதியத் தூக்கிட்டு மணலு கலக்கணும். இது ஆகாது." சொல்லிவிட்டு விளிம்பில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "என் வேலைய நானே ஒடச்சது இதுதான் மொத தடவ."

ரசீதா குவளையைக் கீழே போட்டாள்.

"போகாதிய" என்றாள்.

அவர் திரும்பினார்.

"போகாதிய மச்சான். நீங்க இங்கன இருக்கணும்னுதான் செடி வைக்கச் சொன்னேன். எனக்குக் கத்தரிக்காய்க்கா பஞ்சம்? குளமும் வேண்டாம், செடியும் வேண்டாம், நீங்க இருந்தாப் போதும். கோழி வளத்தது தப்புன்னா தப்புதான். உம்மாவுக்கு முடியலன்னு சொல்லாதது அதவிடத் தப்பு. அடிங்க, ஏசுங்க. ஆனா போகாதிய."

மழைச் சத்தத்தையும் தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தித்தான் சொன்னாள். மன்சூர் அலி உளியை விளிம்பில் வைத்தார். அவர் உதடு கோணியது.

"எத்தன லீவு முடிஞ்சு போயிருக்கேன்" என்றார். "ஒரு தடவையாவது இதச் சொன்னியாட்டி?"

"சபருக்குப் போற மனுசன்ட்ட போகாதன்னு எப்படிச் சொல்லுவேன்? யாரு சொல்லுவா?"

"கார்ல ஏறுற வரைக்கும் பாப்பேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு போயி, உள்ள போறதுக்கு முன்னால ஒரு போன் போடுவேம்லா, அப்பமும் பாப்பேன். நீ 'பத்திரமாப் போய்ட்டு வாங்க'ன்னு சொல்லிட்டு வச்சிருவ."

"சொல்லிருந்தா நின்னுருப்பியளா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வராத முகம் அப்போது. "நின்னுருக்க மாட்டேன். எப்படி நிக்க? வீடு, புள்ள கல்யாணம், எல்லாம் கெடந்துதே. போயித்தான் இருப்பேன். ஆனா சொல்லிருந்தன்னா, அங்கன அந்த ரூம்புல படுத்துக் கெடக்கையில அத நெனச்சிக்கிட்டாவது கெடந்திருப்பேன்."

ரசீதா சகதிக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில், பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் நின்றவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீட்டில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சகதிக்கு மேல் நின்ற தண்ணீர் வடிந்து இறங்கியது.

பிறகு மன்சூர் அலி குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"யூசுப் வீட்டுக்குப் போறேன். பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வந்துருதேன்."

"இந்த மழையிலயா? போகாதிய, நாளைக்குப் போவலாம்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவதான் போகாத போகாதம்ப?" என்று கேட்டார். கேட்கும்போதே சிரித்துவிட்டார். மாசியில் வந்ததிலிருந்து அவர் சிரித்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குடையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் கடையநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மஃரிபு தொழுகை முடிந்து திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். சட்டைப்பையில் வைத்திருந்த பாஸ்போர்ட்டும் ஓரமெல்லாம் ஊறி, தாளோடு தாள் ஒட்டிக்கிடந்தது. ரசீதா அவர் தலையைத் துவட்டிவிட்டாள், சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள், அடுப்பைப் பற்றவைத்து இரண்டு டம்ளருக்குச் சாயா வைத்தாள். பாஸ்போர்ட்டை மட்டும் அவள் காயப்போடவில்லை.